ஸ்பிட்ஃபயர் மார்க் 3: ரிவர்ஸ் கரகரக்குது, இரண்டாம் கியர் இடிக்குது. பெட்டியை இறக்கும் முன்னாடி என்னெல்லாம் பாக்கணும்?

வில்லுக்குறி 68
வண்டி 1968 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1296 சிசி, ஓவர்டிரைவ் (எஞ்சின் வேகத்தைக் குறைக்கிற கூடுதல் கியர்) இல்லாத நாலு கியர் பெட்டி. காலையில எடுத்ததும் கியர் எல்லாம் ஒழுங்கா விழுது. நாகர்கோவில்ல இருந்து தக்கலை வந்து சேர்றதுக்குள்ள, எஞ்சின் நல்லா சூடானதும், நின்ன இடத்துல ரிவர்ஸ் போட்டா கரகரன்னு அரைக்குது. முதல் கியரும் முரண்டு பிடிக்குது. ஓட்டத்துல மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கினா ஒரு இடி. மூணு, நாலு ரெண்டும் வெண்ணெய் மாதிரி போகுது. எஞ்சினை அணைச்சுட்டா எல்லா கியரும் சத்தமில்லாம விழும். கிளட்ச் பிளேட் மாத்தி அதிக நாள் ஆகல. பெட்டியை இறக்கி சிங்க்ரோ (கியர் விழும்போது வேகத்தைச் சமமாக்குற ரிங்) மாத்தணும்னு பட்டறையில சொல்றாங்க. இறக்குறதுக்கு முன்னாடி வேற என்ன பாக்கலாம்?

வேளிமலை
எஞ்சின் நின்னா எல்லா கியரும் சுலபமா விழுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பாதி விடை அதுலயே இருக்கு. லீவர், ரிமோட் ராடு, செலக்டர் ஃபோர்க் இதுல கோளாறு இருந்தா எஞ்சின் நின்னாலும் முரண்டு பிடிக்கும். அதனால லீவர் பக்கத்தை இப்போதைக்கு விட்டுடலாம்.

உங்க வண்டியில ரெண்டு தனித்தனி கோளாறு இருக்கலாம். ஒண்ணா சேர்த்துப் பாத்தா குழப்பம்தான் மிஞ்சும்.

மார்க் 3 பெட்டியில 2, 3, 4க்கு மட்டும்தான் சிங்க்ரோ. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் கிடையாது. எல்லா முன் கியருக்கும் சிங்க்ரோ வந்தது 1970இல் மார்க் 4 வந்தப்பதான். சிங்க்ரோவே இல்லாத கியர் அரைச்சா, சிங்க்ரோ தேய்ஞ்சதுக்கு அது எப்படி சாட்சி ஆகும்? கிளட்சை மிதிச்ச பிறகும், கிளட்ச்ல இருந்து பெட்டிக்குள்ள போற இன்புட் ஷாஃப்ட் சுத்திக்கிட்டு இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். அது சுத்துறதுக்கு ரெண்டு காரணம் உண்டு. ஒண்ணு, கிளட்ச் முழுசா பிரியாம இழுக்குது. இன்னொண்ணு, கிளட்ச் பிரிஞ்சாச்சு, ஆனா ஷாஃப்ட் வேகம் அடங்க நேரம் ஆகுது. ஆயில் குளிர்ந்து கெட்டியா இருக்கும்போது ஷாஃப்ட் சீக்கிரம் நிக்கும். சூடாகி இளகினா தாமதமா நிக்கும். "காலையில சரி, சூடானா கரகரப்பு" என்கிறதுல கொஞ்சம் இயல்பானதும் கலந்திருக்கும்.

பிரிச்சுப் பாக்கிற வழி இது. சூடான எஞ்சின், ஐடில் வேகம், சமதரை. நியூட்ரல்ல கிளட்சைத் தரை வரைக்கும் மிதிச்சு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அப்புறம் ரிவர்ஸைப் போடுங்க. சத்தமில்லாம விழுந்தா கிளட்ச் பிரியுது, ஷாஃப்ட்தான் தாமதமா நிக்குது. அப்படின்னா முதல்ல லீவரை ரெண்டாம் கியர் பக்கம் லேசா அழுத்துங்க, அந்த சிங்க்ரோ ஷாஃப்டை நிறுத்திடும், பிறகு ரிவர்ஸ் போடலாம். பத்து எண்ணின பிறகும் அரைச்சா கிளட்ச் இழுக்குது, சந்தேகமே இல்லை. அந்த நிலையில பெட்டியைத் தொடாதீங்க.

முட்டம் கடற்காற்று
மேல சொன்ன சோதனையில கிளட்ச் இழுக்குதுன்னு தெரிஞ்சா அடுத்து அளவு எடுக்கணும். ஊகம் வேண்டாம்.

ஒருத்தர் பெடலை மெதுவா தரை வரைக்கும் மிதிக்கட்டும். நீங்க பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்க கூடு) பக்கத்துல, ஆயில் அழுத்தத்துல கிளட்சைத் தள்ளுற ஸ்லேவ் சிலிண்டருக்க புஷ் ராடு எவ்வளவு நகருதுன்னு ஸ்டீல் ஸ்கேல் வச்சுப் பாருங்க. அரை அங்குலத்தை ஒட்டி, அதாவது 12, 13 மிமீ வரணும். 10க்கு கீழ வந்தா கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை விட்டு முழுசா விலகாது.

குறைவா வந்தா ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணிட்டு மறுபடி அளந்து பாருங்க. பம்ப் பண்ணினா கூடுதுன்னா உள்ள காத்து இருக்கு. பெடலை அரை நிமிஷம் மிதிச்சே வச்சிருக்கும்போது ராடு மெதுவா பின்வாங்கினா, வெளியே கசிவும் இல்லைன்னா, பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டருக்க சீல் உள்ளுக்குள்ளயே ஆயிலை விடுது. இது ரெண்டும் இல்லாம அளவு மட்டும் குறைஞ்சா ரப்பர் ஹோஸ் ஊதுதான்னு கையில பிடிச்சுப் பாருங்க. மிதிக்கும்போது விரலுக்குள்ள அது தடிக்கிறது தெரியும்.

நம்ம கடலோரத்துல, குளச்சலா இருக்கட்டும் மணக்குடியா இருக்கட்டும், நிறுத்தியே வச்சிருக்கிற வண்டிக்கு இந்த ஸ்லேவ் சிலிண்டர்தான் முதல்ல போகும். கிளட்ச் சிலிண்டர்லயும் ஊத்துற பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் அடியில தங்கி போர்ல (சிலிண்டர் உள்சுவர்ல) பொடிப்பொடியா குழி விழும். குழி விழுந்த போர்ல புது சீல் போட்டாலும் கொஞ்ச நாள்ல கிழிஞ்சு ஒழுகும். சிலிண்டரையே மாத்தணும், இல்லைன்னா பித்தளையிலயோ ஸ்டெயின்லெஸ்லயோ ஸ்லீவ் அடிக்கணும். டாட் 4 ஆயிலை வருஷம் ஒரு தடவை மாத்துங்க. புது டாட் 4 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும், ஈரம் ஏறினதுக்கு வரையறையே 155 டிகிரிதான்.

இன்னொரு எச்சரிக்கை. சீலை அளவு மட்டும் பாத்து எடுக்காதீங்க. கியர் ஆயில் படுற இடத்துக்கு நைட்ரைல், பிரேக் ஆயில் படுற இடத்துக்கு இபிடிஎம். மாத்திப் போட்டா ரெண்டும் ஊதும். நம்ம மாவட்டத்துல ரப்பருக்குப் பஞ்சமில்லைதான், ஆனா இயற்கை ரப்பர்ல வெட்டின புஷ்ஷை கியர் லீவர் அடியில போட்டா ஆயில் பட்டு கொழகொழன்னு ஆயிடும். அங்க நைலானோ பாலியூரித்தேனோதான் போடணும்.

கோட்டாறு லேத்
பெட்டியை இப்ப இறக்காண்டாம். அளவெடுக்கும்போது கூடவே ரெண்டு இடம் பாருங்க.

முதல்ல பெடலுக்கும் மாஸ்டர் புஷ் ராடுக்கும் நடுவுல இருக்க கிளெவிஸ் பின். சின்ன ட்ரையம்ப் எல்லாத்துலயும் அந்தப் பின்னும் தேயும், பெடல்ல இருக்க ஓட்டையும் முட்டை வடிவமா ஆகும், ஃபோர்க்குக்க ஓட்டையும் இழுபடும். மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ஞ்சா, பெடல் கீழ போகும்போது முதல் பாகம் சும்மா போகும், மாஸ்டருக்க பிஸ்டன் நகரவே நகராது. கையால பெடலை லேசா அழுத்தி, ராடு எப்ப நகர ஆரம்பிக்குதுன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

ரெண்டாவது இடம் கிராங்க் (எஞ்சினுக்க முதன்மைச் சுழல் தண்டு). இதை யாரும் பாக்கிறதில்லை, பாக்காம விட்டா எஞ்சினே போயிடும். கிளட்சை மிதிச்சா ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை முன்னாடி தள்ளும். அந்தத் தள்ளு அப்படியே கிராங்குக்குப் போகும். அதைத் தாங்குறது பின் மெயின் பேரிங் பக்கத்துல இருக்க அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் ரெண்டும்தான். அது தேய்ஞ்சா கிராங்கே முன்னாடி நகரும், மிதிச்ச மிதியில ஒரு பங்கு வீணாகும். ரொம்ப தேய்ஞ்சா வாஷர் கழண்டு சம்ப்ல (எஞ்சின் அடி ஆயில் தொட்டியில) விழும், அப்புறம் கிராங்க் நேரா பிளாக்கைத் தின்னும். முன் புல்லியில டயல் கேஜை வச்சு, கிராங்கைப் பின்னாடி நெம்பித் தள்ளிட்டு கிளட்சை மிதிக்கச் சொல்லுங்க. 0.2 மிமீ வரைக்கும் கவலை இல்லை. 0.35ஐத் தாண்டினா வாஷர் மாத்த ஏற்பாடு பண்ணணும். கண்ணுக்கே புல்லி நகர்றது தெரிஞ்சா வண்டியை எடுக்கவே கூடாது. சம்பைக் கழட்டி, பின் மெயின் கேப்பை இறக்கி, கிராங்கை எடுக்காமலே மாத்தலாம். ஆயில் காடி இருக்க வெள்ளை உலோகப் பக்கம் கிராங்கைப் பாத்து இருக்கணும். தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி 5 தவு (ஒரு தவு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) கூடுதல் தடிமன்லயும் வாஷர் கிடைக்கும்.

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழ நெரிசல்ல நிக்கும்போது கியரைப் போட்டு கிளட்சை மிதிச்சுக்கிட்டே நிக்கிறவங்க இந்த வாஷரைத்தான் தேய்க்கிறாங்க. நியூட்ரல் போட்டுட்டு காலை எடுங்க.

வில்லுக்குறி 68
எல்லாம் பாத்தாச்சு, அளவு இதோ:

பத்து எண்ணின பிறகும் ரிவர்ஸ் அரைக்குது.
ஸ்லேவ் புஷ் ராடு நகர்வு 8.5 மிமீ. மூணு தடவை பம்ப் பண்ணினா 9.5.
அரை நிமிஷம் மிதிச்சு வச்சாலும் பின்வாங்கல. ஹோஸ் ஊதல.
கிளெவிஸ் பின், ஓட்டைகள் எல்லாம் சேர்த்து 2.5 மிமீ வீண் ஆட்டம்.
கிராங்க் நகர்வு 0.15 மிமீ.

கோட்டாறு லேத்
கிராங்க் தப்பிச்சுது, நல்லது. அப்ப பெடல் பக்கம்தான். புதுப் பின் மட்டும் வாங்கிப் போட்டுட்டு விட்றாதீங்க, ஓட்டை முட்டையா இருந்தா பின் புதுசா இருந்து பிரயோஜனம் இல்லை. பெடலைக் கழட்டிக் கொண்டு வந்தா ஓட்டையைப் பெருசாக்கி எஃகு புஷ் அடிச்சு, பின்னுக்க அளவுக்கு ரீமர் போட்டுத் தரலாம். ஃபோர்க் தேய்ஞ்சிருந்தா புதுசு போடுறதே மேல். மாட்டும்போது கிரீஸ் தொட்டு வச்சு, ஸ்ப்ளிட் பின் புதுசா போடுங்க. பழையதை நிமித்தி மறுபடி போட்டா ஒரு நாள் முறியும், பெடல் தரையில கிடக்கும்.

முட்டம் கடற்காற்று
பம்ப் பண்ணினதுல 1 மிமீ கூடியிருக்கு, அதனால காத்தும் இருக்கு. இதுல காத்து எடுக்கிறது சில நேரம் பிடிவாதம் பிடிக்கும். ஸ்லேவ்ல காத்தை வெளியே விடுற பிளீட் நிப்பிள் மேல்பக்கமா இருக்கான்னு பாருங்க. சிலிண்டரைத் திருப்பி மாட்டினா நிப்பிளுக்கு மேல காத்து தங்கிடும், எத்தனை பாட்டில் ஆயில் ஊத்தினாலும் வராது. அப்படியும் வரலைன்னா சிலிண்டரைப் பிடிக்கிற போல்ட்டைத் தளர்த்தி வெளியே எடுத்து, பிஸ்டனை முழுசா உள்ள தள்ளி ஜி கிளாம்ப் வச்சு இறுக்குங்க. நிப்பிளை மேலே பாக்க வச்சு பிளீட் பண்ணுங்க. உள்ள காத்து தங்க இடமே இருக்காது. மாட்டின பிறகு பெடல் தானா முழுசா மேல வருதான்னும் பாருங்க. வராட்டி மாஸ்டர் திறக்காது, கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும்.

குழித்துறை ஹெரால்டு
நடுவுல ஒரு கேள்வி, இழை மாறினா மன்னிக்கணும். எனக்கது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சென்னையில செஞ்சது. கிட்டத்தட்ட இதே குடும்பத்துப் பெட்டிதான். குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறைப் பக்கம் இறக்கத்துல மூணாம் கியர்ல வரும்போது ஆக்ஸிலேட்டரை விட்டா லீவர் தானா நியூட்ரலுக்குக் குதிக்குது. ஏத்தத்துல குதிக்காது. ஃபோர்க்கா, ஸ்பிரிங்கா?

வேளிமலை
அண்ணே, இழை மாறல, பெட்டி ஒண்ணுதான்.

முதல்ல செலவில்லாதது. லீவர் வெளியே வர்ற இடத்துல ரப்பர் பூட்டோ தடிமனான கார்ப்பெட்டோ லீவரைத் தடுக்குதான்னு பாருங்க. தடுத்தா மூணாம் கியர் முழு ஆழத்துக்கு விழாது, பல்லு பாதிதான் கவ்வும், பாரம் மாறினதும் வெளியே வரும். டனல் மூடியை எடுத்துட்டு ஒரு தடவை அதே இறக்கத்துல ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்.

அடுத்து பின் மவுண்ட் ரப்பர். அது கிழிஞ்சிருந்தா ஆக்ஸிலேட்டரை விட்டதும் எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து ஆடும். அப்ப லீவர் துள்ளும். கையை லீவர் மேல லேசா வச்சு, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து விட்டுக் கொடுத்து விட்டுப் பாருங்க. குதிக்கிறதுக்கு முன்னாடியே லீவர் நடுங்கினா மவுண்ட். நடுக்கமே இல்லாம திடீர்னு வழுக்கி வந்தா கோளாறு உள்ள இருக்கு.

உள்ளன்னாலும் உடனே பெட்டியை இறக்க வேண்டாம். டாப் கவர் மட்டும் தனியா வரும். அதுல மூணு செலக்டர் ராடு, ஒவ்வொண்ணையும் அதன் இடத்துல நிறுத்தி வைக்க ஸ்பிரிங். 3-4 ராடுல ஸ்பிரிங் தளர்ந்திருக்கா, காடி தேய்ஞ்சிருக்கா, ஃபோர்க்கை இறுக்குற ஸ்க்ரூ லூசா, ஃபோர்க் முனை மெலிஞ்சிருக்கான்னு பாருங்க. ராடை உருவும்போது நடுவுல இன்டர்லாக் பாலும் பிளஞ்சரும் இருக்கு, அது ரெண்டு கியர் ஒரே நேரத்துல விழாம தடுக்கிறது. அது இல்லாம மாட்டினா ஓட்டத்துல பெட்டியே பூட்டிக்கும், பின் சக்கரம் நின்னு வண்டி சுழலும். கவரைத் துணி விரிச்ச தட்டுல வச்சுப் பிரியுங்க.

கவர்ல எல்லாம் நல்லா இருந்தா, ஸ்லீவும் கியரும் கவ்வுற நாய்ப்பல்லு உருண்டிருக்கும், இல்லைன்னா மெயின் ஷாஃப்ட்ல முன்னும் பின்னும் ஆட்டம் கூடியிருக்கும். அப்பதான் இறக்கணும்.

வில்லுக்குறி 68
பெடலுக்கு புஷ் அடிச்சு, புதுப் பின் போட்டு, கிளாம்ப் முறையில பிளீட் பண்ணினதுல ஸ்லேவ் நகர்வு இப்ப 12.5 மிமீ. சூடான எஞ்சின்ல மூணு எண்ணிட்டு ரிவர்ஸ் போட்டா சத்தமே இல்லை. முதல் கியரும் விழுது. வேளிமலை அண்ணன், முட்டம் அண்ணன், கோட்டாறு அண்ணாச்சி எல்லாருக்கும் நன்றி.

ஆனா மூணுல இருந்து ரெண்டு இன்னும் இடிக்குது. அவசரமா போட்டாதான். மெதுவா போட்டா சில நேரம் தப்பிச்சிடும். கிளட்ச் மாத்தின பட்டறையில கியர் ஆயிலும் மாத்தியிருக்காங்க, டப்பாவுல ஜிஎல்-5 80டபிள்யூ-90னு இருக்கு. அது காரணமா இருக்குமா?

வேளிமலை
பங்கு உண்டு. ஜிஎல்-5 கடும் அழுத்தத்துல ஓடுற டிஃபரென்ஷியல் பல்லுக்குன்னு செஞ்ச ஆயில். அதுல கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். உங்க பெட்டியில சிங்க்ரோ ரிங் மஞ்சள் உலோகம். அந்த ரிங் கியருக்க கூம்புல உரசிப் பிடிச்சாதான் வேகம் சமமாகும். ஆயில் அதிகமா வழுக்கினா பிடிக்காது. சேர்மானம் மஞ்சள் உலோகத்தை நாளடைவுல அரிக்கவும் செய்யும். ஜிஎல்-4, ஈபி 90 போடுங்க. நம்ம ஊர்ல கிடைக்காத பொருள் இல்லை, டப்பாவைத் திருப்பி எழுத்தை வாசிச்சு வாங்கணும், அவ்வளவுதான்.

அளவு 0.85 லிட்டர். ஓவர்டிரைவ் இருக்க வண்டிக்கு 1.35. வண்டி நாலு பக்கமும் சமமா நிக்கணும், பக்கவாட்டு பிளக் ஓட்டையில வழியிற மட்டம் வரைக்கும் ஊத்தி, வழிஞ்சு நின்ன பிறகு மூடுங்க. முன் பக்கத்தை மட்டும் ஜாக்கில தூக்கி ஊத்தினா கணக்கு தப்பும்.

பழைய ஆயிலை வெள்ளை வேட்டித் துணி வழியா வடிச்சுப் பாருங்க. எவ்வளவு வந்துச்சுன்னு அளந்தும் சொல்லுங்க. தங்கப்பொடி மாதிரி மினுங்கினா சிங்க்ரோ ரிங். காந்தத்துல சாம்பல் நிறப் பசை ஒட்டுறது இயல்பு. ஊசி மாதிரி உருளையோ, தகடு மாதிரி உதிர்ந்த எஃகோ வந்தா உடனே நிறுத்துங்க.

அதுவரைக்கும் இடிக்காம ஓட்ட டபுள் கிளட்ச் போதும். உங்க பெட்டியில ரேஷியோ முதல் கியர் 3.75, ரெண்டு 2.16, மூணு 1.39, நாலு 1. மூணுல 2000 ஆர்பிஎம்ல வர்றீங்கன்னா, அதே வேகத்துக்கு ரெண்டுல 3100 வேணும். கிளட்சை மிதிச்சு நியூட்ரல், காலை எடுத்து ஆக்ஸிலேட்டரை 3100 வரைக்கும் தட்டி, மறுபடி மிதிச்சு ரெண்டு. இப்படிப் போட்டா இடிக்கலை, நேரா போட்டா இடிக்குதுன்னா சிங்க்ரோ தேய்ஞ்சதுக்கு அதுவே சாட்சி. முதல் கியருக்கு சிங்க்ரோவே இல்லாததால ஓட்டத்துல அதுக்கு எப்பவும் இப்படித்தான் போடணும்: ரெண்டுல 1500ன்னா முதல்ல 2600.

குழித்துறை ஹெரால்டு
வேளிமலை அண்ணே, எனக்க வண்டியில பின் மவுண்ட்தான், ரெண்டா கிழிஞ்சு கிடக்கு. மாத்தினதும் குதிக்கிறது நின்னுது. ஆனா இப்ப சத்தம் ஒண்ணு காதுல விழுது. 1, 2, 3ல முனகல், டாப்ல இல்லை.

கோட்டாறு லேத்
டாப் கியர் நேரா போகும், கீழ் கியர்களுக்குப் பாரம் கடத்துற லே ஷாஃப்ட் மேல பாரம் வராது. கீழ் கியர்ல மட்டும் முனகினா லே ஷாஃப்டும் அதுக்க நீடில் பேரிங்கும். நியூட்ரல்ல காலை எடுத்திருக்கும்போது சத்தம், மிதிச்சா நிக்குதுன்னா முன் பேரிங்கோ லே ஷாஃப்டோ. மிதிச்சா மட்டும் கீச்சுன்னா ரிலீஸ் பேரிங். வண்டி நிக்கும்போது கியரைப் போட்டு கிளட்சை மிதிச்சு வச்சா மட்டும் ஒரு கிறீச் கேட்டா, கிராங்குக்க பின் முனையில இருக்க ஸ்பிகாட் புஷ். முதல்ல ஆயில் மட்டம் பாருங்க மக்கா, பாதி முனகல் ஆயில் இல்லாததுதான்.

வில்லுக்குறி 68
ஆயில் இறக்கியாச்சு. வந்தது 600 மில்லிதான், 250 மில்லி குறைவு. துணியில தங்கப்பொடி தெளிவா இருக்கு. காந்தத்துல பசை மட்டும், ஊசி இல்லை. பின் ஆயில் சீல் பக்கம் டனல் முழுக்க ஈரம். ஜிஎல்-4 ஊத்தினதுக்கு அப்புறம் இடி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா நிக்கல. டபுள் கிளட்ச் போட்டா இடிக்கவே இல்லை. அப்ப சிங்க்ரோ ரிங்தானே? இறக்கும்போது என்னெல்லாம் சேர்த்து வாங்கணும்?

வேளிமலை
ரெண்டாம் கியர் ரிங்தான். இதுக்குத்தான் பெட்டியை இறக்கணும். ஆனா இப்பவே வேண்டாம். பாகம் இங்கிலாந்துல இருந்து வரணும், வந்து சேர்ந்த பிறகு பிரிங்க. பிரிச்சுப் போட்டுட்டு ரெண்டு பருவமழையையும் காத்திருந்தா ஷாஃப்ட் எல்லாம் துரு பிடிக்கும்.

வாங்க வேண்டியது: மூணு கியருக்கும் சிங்க்ரோ ரிங், லே ஷாஃப்ட், அதுக்க நீடில் ரோலர்கள், த்ரஸ்ட் வாஷர்கள், மெயின் ஷாஃப்ட் முனையில இருக்க நீடில் பேரிங், முன் பின் பால் பேரிங், பின் ஆயில் சீல், கேஸ்கெட் செட், ஸ்பிகாட் புஷ், ரிலீஸ் பேரிங், லீவர் அடிப்பக்க புஷ் செட். 250 மில்லி குறைவா ஓடின பெட்டியில முதல்ல காயுறது மெயின் ஷாஃப்ட் முனை பேரிங்தான், அதை விட்டுட்டு ரிங் மட்டும் மாத்தினா மறுபடி இறக்க வேண்டி வரும். பழைய ரிங்கைக் கியருக்க கூம்புல வச்சு அழுத்தி இடைவெளியை ஃபீலர் கேஜ்ல பாருங்க, புது ரிங்கையும் அதே மாதிரி பாருங்க. பாதியா குறைஞ்சிருந்தா ரிங் முடிஞ்சுது. புது ரிங்கையும் போட்டு இடைவெளி குறைவாவே இருந்தா கூம்பு தேய்ஞ்சிருக்கு, கியரையே மாத்தணும்.

கோட்டாறு லேத்
ஸ்பிட்ஃபயர்ல பெட்டி கீழ வராது, உள்பக்கமா வரும். பேட்டரி ஒயரைக் கழட்டுங்க, ரெண்டு சீட்டையும் எடுங்க, டாஷ் நடுத் தாங்கி, டனல் மூடி, புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்லேவ் சிலிண்டர். ஸ்லேவை ஹோஸோட ஓரமா கட்டி வச்சா பிளீட் பண்ண வேண்டாம், ஆனா அந்த நேரம் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது. எஞ்சின் பின்பக்கம் சம்புக்குக் கீழ மரக்கட்டை வச்சு ஜாக்கில தாங்கணும். பெல் ஹவுசிங் போல்ட் எல்லாம் ஒரே நீளம் இல்லை, அட்டையில வரைஞ்சு அந்தந்த இடத்துல குத்தி வைங்க. இழுக்கும்போது பெட்டியுடைய எடை கிளட்ச் பிளேட்ல தொங்கக் கூடாது. ரெண்டு ஆள் நேரா பின்னாடி இழுத்து, பிறகுதான் தூக்கணும்.

லே ஷாஃப்டை உருவுறதுக்கு முன்னாடி டம்மி ஷாஃப்ட் ஒண்ணு வேணும்: அதே விட்டம், பெட்டிக்குள்ள அடங்குற நீளத்துக்கு மட்டும். அதை வச்சுத் தள்ளி உருவினா நீடில் ரோலர் சிதறாது. அளவு கொண்டு வாங்க, கடைஞ்சு தரலாம். உருவின ஷாஃப்ட்ல ரோலர் ஓடுற இடத்தை நகத்தால வருடிப் பாருங்க. நகம் தட்டினா ஷாஃப்ட் போச்சு.

ஸ்பிகாட் புஷ்ஷை எடுக்க உளி போடாதீங்க. ஓட்டைக்குள்ள கிரீஸை நிறைச்சு, ஓட்டைக்கு இறுக்கமா பொருந்துற கம்பியை வச்சு சுத்தியலால அடிச்சா கிரீஸே புஷ்ஷைப் பின்னாடி தள்ளிக் கொண்டு வரும். புதுசை ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயில்ல ஊற வச்சு அடிங்க. இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைனைக் கம்பி பிரஷ் போட்டுத் துரு எடுத்து, கிரீஸ் மெல்லிசா தொட்டுத் துடைங்க. அதிகமா வச்சா தெறிச்சு பிளேட்ல ஒட்டும். கிளட்ச் பிளேட்டை மையப்படுத்த தேஞ்ச இன்புட் ஷாஃப்ட் ஒண்ணு பட்டறையில கிடக்கு, அதை எடுத்துக்கோங்க.

வில்லுக்குறி 68
டனல் மூடி அழுத்தின அட்டைதான், மழை பட்டு உப்பியிருக்கு. அதையும் ஃபைபர் கிளாஸா மாத்திடலாம்னு இருக்கேன். டம்மி ஷாஃப்டுக்கு அளவு எடுக்க பழைய லே ஷாஃப்டை உருவணுமே, உருவாம விட்டம் எப்படித் தெரியும்?

கோட்டாறு லேத்
பெட்டிக்க முன் முகத்துல ஷாஃப்ட் முனை வெளியே தெரியும், வெர்னியர் அங்க வைங்க. நீளத்துக்குப் பெட்டிக்குள்ள ரெண்டு சுவருக்கும் நடுவுல அளந்து, 1 மிமீ கழிச்சுச் சொல்லுங்க. டம்மிக்க விட்டம் அரை தவு குறைவா இருந்தா சுலபமா வழுக்கும். ரெண்டு முனையும் சரிச்சுக் கடையணும், இல்லைன்னா த்ரஸ்ட் வாஷர் ஓரத்துல போய் மாட்டும்.